அமெரிக்கப் பழைய கார்களைக் காகிதத்தில் கட்டலாம்: நல்ல மாதிரித் தாள்களைத் தேடி எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1957ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம். மீட்டரில் சொன்னால் ஐந்துக்குச் சற்று மேல். அதை 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 21 சென்டிமீட்டர் சொச்சம் வரும். ஏ4 தாளின் அகலமும் ஏறக்குறைய அதுதான். நாலைந்து தாள்கள், ஒரு கத்தி, கொஞ்சம் பசை, பொறுமை ஆகியவை இருந்தால் வால் சிறகும் குரோமியப் பட்டையுமாக அந்தக் கார் உங்கள் மேசைக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் கிட்டோ உலோக மாதிரியோ வாங்கப் பெரும் பணம் வேண்டும். காகிதத்துக்கு அது தேவையில்லை. பிழையாக வெட்டிவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் மீண்டும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் தேடலில்தான் இருக்கிறது. இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து விழுகின்றன. அவற்றில் பாதி வெறும் அலங்காரப் பொம்மை. மீதியில் பல, படத்தில் பளபளத்து, கட்டும்போது கோணிக்கொண்டு போகும். காரின் பெயரை மட்டும் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்தக் காரின் உடல் காகிதத்துக்கு இணங்குமா, அளவு சரியாக இருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் பார்ப்பவர்கள் முடித்துக் காட்டுவார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பார்க்கக் கற்றுத்தருவதற்காக எழுதப்பட்டது.

முதல் படி: காகிதத்துக்கு ஏற்ற காரைத் தேர்ந்தெடுங்கள்

காகிதம் ஒரு திசையில் மட்டுமே வளையும். உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம், மடிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு திசைகளிலும் வளைக்க முடியாது. பந்தின் மேல் தாளைப் போர்த்திப் பாருங்கள், சுருக்கம் விழும். உலோகத் தகட்டை அச்சில் அழுத்தி எந்த வடிவமும் எடுக்கலாம். காகிதத்தில் அந்த வடிவத்தைக் கொண்டுவர, வடிவமைப்பாளர் அதைப் பல கீற்றுகளாக வெட்டி ஒட்டவைக்க வேண்டும். கீற்றுகள் கூடக்கூட இணைப்புக் கோடுகளும் கூடும்; கையின் நடுக்கம் எல்லாம் அந்தக் கோடுகளில் தெரியும்.

ஆகவே அமெரிக்கக் கார்களை ஆண்டு வரிசையில் பார்க்காமல் வடிவ வரிசையில் பாருங்கள்.

முதலில் பெட்டி வடிவக் கார்கள். ஃபோர்டு மாடல் டி 1908இல் தொடங்கி 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. அதன் உடலில் தட்டைப் பலகைகளே அதிகம். மண்காப்புகள்கூட ஒரே திசையில் வளையும் பட்டைகள்தான். மெல்லிய ஆரங்கள் கொண்ட சக்கரங்கள் மட்டும் கையைச் சோதிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் இன்னும் எளிது. பக்கவாட்டுத் தகடு, முன் கிரில், எஞ்சின் மூடி எல்லாமே நேர்க்கோடு. 1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் கோக்கத் தொடங்கிய அதே ஜீப் குடும்பம் என்பதால் நம் கண்ணுக்கும் பழக்கமான முகம். மிச்சிகனின் கலமசூ நகரில் தயாரான செக்கர் டாக்சியும் கொஞ்சம் உருண்ட பெட்டிதான். 1961ஆம் ஆண்டு லிங்கன் கான்டினென்டலைப் பார்த்தால் காகிதத்துக்காகவே வரைந்ததுபோல இருக்கும்: முன்னிருந்து பின்வரை ஒரே பலகையாக ஓடும் பக்கம், மேல் விளிம்பில் நேரான குரோமியக் கோடு. டெலோரியன் வட அயர்லாந்தில் கட்டப்பட்டாலும் நிறுவனம் அமெரிக்காவினுடையது. அதன் உடலும் மடிப்பு மடிப்பாக இருப்பதால் புதியவர்களுக்கு நல்ல பயிற்சி.

அடுத்த நிலையில் 1955 முதல் 1957 வரையிலான செவர்லே, 1965 ஃபோர்டு மஸ்டாங், 1960களின் இறுதியில் வந்த டாட்ஜ் சார்ஜர் ஆகியவை. இவற்றின் பக்கங்கள் சுலபம். முன்விளக்குக் குழிவும் கூரையின் மூலைகளும்தான் கடினம். 1959 காடிலாக்கின் வால் சிறகு பார்க்கப் பயமுறுத்தினாலும் உண்மையில் இரண்டு முக்கோணத் தகடுகள் முதுகோடு முதுகாக ஒட்டியது போன்றதுதான், சொல்பேச்சுக் கேட்கும். அதன் நடுவில் துருத்தும் இரட்டைச் சிவப்பு விளக்குகளுக்குச் சிறிய கூம்புகள் சுருட்ட வேண்டியிருக்கும்.

1953 கார்வெட், 1948 டக்கர், மண்காப்புகள் உருண்டு திரண்ட 1930களின் கார்டு 810 ஆகியவை கடைசி வரிசை. கார்வெட்டின் உடல் கண்ணாடியிழையில் வார்க்கப்பட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் இரட்டை வளைவு. முதல் ஆண்டில் 300 கார்கள் மட்டுமே கட்டினார்கள், எல்லாமே வெள்ளை. வெள்ளைக் காகிதத்தில் இணைப்புக் கோடு மறையவே மறையாது. இதை முதல் மாதிரியாக எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: அளவு விகிதத்தை முடிவு செய்யுங்கள்

அமெரிக்கக் கார் மாதிரிகளில் அடிக்கடி காணப்படும் விகிதம் 1/25. 1950களில் கார் விற்பனைக் கூடங்கள் தங்கள் புதிய கார்களின் சிறு பிளாஸ்டிக் உருவங்களை 1/25 அளவில் வாடிக்கையாளர்களுக்குத் தந்தன. மிச்சிகனின் ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் அவற்றைச் செய்தன. பின்னர் அதே அளவில் கோக்கும் கிட்களும் வந்தன. தற்செயலாகப் போலந்துக் காகித மாதிரிப் பதிப்பகங்களும் தரை வாகனங்களுக்கு 1/25ஐத்தான் வைத்திருக்கின்றன. எனவே போலந்துக் காகித ஜீப்பை அமெரிக்க பிளாஸ்டிக் கார்களின் பக்கத்தில் நிறுத்தினால் பொருந்தும். இணையத்தில் தனிநபர்கள் வெளியிடும் தாள்களில் 1/24 கணிசமாக இருக்கிறது. 1/24க்கும் 1/25க்கும் உள்ள வேறுபாடு அலமாரியில் தெரியாது.

உலோகப் பொம்மைக் கார்களோடு வைக்க 1/43 அல்லது 1/64 வேண்டும். அமெரிக்க ரயில் மாதிரிகளில் மிகப் பரவலான எச்ஓ அளவுக்கு 1/87. அந்த அளவில் பெல் ஏர் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. ரயில் நிலைய வாசலில் நிற்கும் கார்களாக மட்டும் நன்றாக இருக்கும், தனிப்பொருளாக வேலைக்கு ஆகாது.

காகித மாதிரியின் பெரிய வசதி, அளவை மாற்றிக்கொள்ளலாம் என்பது. கணக்கு எளிது: இருக்கும் விகிதத்தின் கீழ் எண்ணை, வேண்டிய விகிதத்தின் கீழ் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 1/24இல் இருப்பதை 1/18ஆகப் பெரிதாக்க 133 சதவீதம். ஏ4இலிருந்து ஏ3க்குப் போகும்போது நீளமும் அகலமும் 141 சதவீதமாவதால் அந்தத் தாள் ஏ3இல் தாராளமாக அடங்கும். 1/25ஐ 1/43ஆக்க 58 சதவீதம். சிறிதாக்கும்போது கண்ணாடிச் சட்டம், கதவுக் கைப்பிடி போன்ற தனி உறுப்புகளை விட்டுவிட்டு, அச்சிட்ட படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: எங்கே, எப்படித் தேடுவது

காரின் பெயரை மட்டும் தட்டச்சு செய்யாதீர்கள். ஆண்டு, நிறுவனம், மாடல் மூன்றையும் எழுதி, அதன்பின் ‘பேப்பர் மாடல்’, ‘பேப்பர்கிராஃப்ட்’, ‘கார்டு மாடல்’ ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவுகள் வேறுபடும். பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் ‘கார்டு மாடல்’ என்பதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். ‘பேப்பர்கிராஃப்ட்’ என்றால் பொம்மைகளும் சேர்ந்து வரும். பிறகு படத் தேடலுக்குப் போய், கட்டி முடித்த காரை விட்டுவிட்டு, விரித்துப் போட்ட உறுப்புகள் தெரியும் தாள்களின் படங்களைத் திறந்து பாருங்கள். தாளே கண்ணில் பட்டால் அங்கே உண்மையான மாதிரி இருக்கிறது என்று பொருள்.

அமெரிக்கக் காருக்கு அமெரிக்காவில் மட்டும் தேடினால் பெரும்பகுதி தவறிவிடும். காகித மாதிரிக் கலை வேரோடியிருப்பது நடு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும்தான். போலந்தின் ‘மாவி மாடெலாஷ்’ இதழும் செக்கோஸ்லோவாக்கியாவின் ‘ஏபிசி’ இதழும் 1957இல் தொடங்கின. பிளாஸ்டிக் கிட்கள் எளிதில் கிடைக்காத அந்த நாடுகளில் சிறுவர்கள் இதழின் நடுப்பக்கத்தை வெட்டியே விமானமும் கப்பலும் காரும் கட்டி வளர்ந்தார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகப் போலந்தில் ஜிபிஎம், மாடெலிக் போன்ற பதிப்பகங்கள் இன்றும் இயங்குகின்றன. இராணுவ வாகனம் அவர்களுடைய பலம்; ஜீப்பும் அமெரிக்கப் போர்க்கால லாரிகளும் வேண்டுமென்றால் முதலில் அங்கே பாருங்கள். போலிஷ் மொழியில் ‘மாடெலே கார்டோனோவே’, ஜெர்மனில் ‘கார்டோன்மோடெல்பாவ்’, ஸ்பானிஷில் ‘ரெகோர்டாபிளெஸ்’ ஆகியவை தேட வேண்டிய சொற்கள். அந்தந்த எழுத்தில் இவற்றை எடுக்க மொழிபெயர்ப்புக் கருவி போதும். காரின் பெயர் எல்லா மொழிகளிலும் ஒன்றுதான் என்பதால் முடிவுகளைப் படிக்க மொழி தெரிய வேண்டியதில்லை.

இலவசமாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஜப்பானின் கேனன் நிறுவனம் நடத்தும் ‘கிரியேட்டிவ் பார்க்’ இணையதளம் நல்ல பள்ளிக்கூடம். அங்குள்ள வாகனங்கள் பெரும்பாலும் பொதுவான வடிவங்கள். குறிப்பிட்ட அமெரிக்கக் காரைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் உறுப்புகளுக்கு எண் இடுவது, மடிப்புக் கோடுகளைக் குறிப்பது, விளக்கப் படம் வரைவது எல்லாம் எவ்வளவு ஒழுங்காக இருக்க முடியும் என்பதை அங்கே ஒரு முறை பார்த்துவிட்டால், பிற தாள்களின் தரத்தை மதிப்பிடக் கண் பழகிவிடும்.

பழைய இணைப்புகள் செத்துப்போயிருந்தால் தேடலைக் கைவிடாதீர்கள். காகித மாதிரி வடிவமைப்பாளர்கள் பலர் தங்கள் தாள்களை ஜியோசிட்டீஸ் என்ற இணையச் சேவையின் தனிப்பக்கங்களில் வைத்திருந்தார்கள். அமெரிக்க ஜியோசிட்டீஸ் 2009இலும் ஜப்பானியக் கிளை 2019இலும் மூடப்பட்டன. அவற்றோடு நல்ல வேலைகள் பல காணாமல் போயின. இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் பழைய முகவரியை ஒட்டி, மூடப்படுவதற்கு முந்தைய ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பக்கம் மட்டுமல்லாமல் சில வேளைகளில் பிடிஎஃப் கோப்பும் சேர்ந்தே காப்பாற்றப்பட்டிருக்கும். இப்படிக் கிடைக்கும் ஒரு தாள் எனக்கு, கடையில் வாங்கும் பத்துத் தாள்களைவிட மகிழ்ச்சி தருகிறது.

காகிதமே பழையதாக வேண்டும் என்பவர்களுக்கு வேறொரு வழி. 1942இல் போர்த் தேவைக்காக அமெரிக்க அரசு பொம்மைகளில் உலோகம் பயன்படுத்துவதைத் தடுத்தது. அட்டைப் பொம்மைகள் அந்த இடத்தைப் பிடித்தன. அக்காலத்து வெட்டி ஒட்டும் அட்டைகள் ஏலத் தளங்களில் இன்றும் வருகின்றன. வாங்கினால் கத்தி வைக்காதீர்கள். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, அச்சிட்ட பிரதியை வெட்டுங்கள். மூலத்தைத் தட்டையாக, வெயில் படாமல் வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: பதிவிறக்கும் முன் தாளைச் சோதியுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். ஒரு ஸ்கேலும் கால்குலேட்டரும் போதும்.

எந்தக் காருக்கும் மாறாத அளவு ஒன்று உண்டு: முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையுள்ள தூரம், அதாவது வீல்பேஸ். பம்பரை எப்படி வரைந்தாலும் நீளம் கூடக்குறைய வரலாம், வீல்பேஸ் ஏமாற்றாது. 1955 முதல் 1957 வரையிலான செவர்லேக்கு 115 அங்குலம். முதல் மஸ்டாங்குக்கு 108. 1959 காடிலாக்கின் வழக்கமான கார்களுக்கு 130. 1961 லிங்கனுக்கு 123. மாடல் டிக்கு 100. வில்லிஸ் ஜீப்புக்கு 80. அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர்; அதை விகிதத்தால் வகுத்தால் தாளில் இருக்க வேண்டிய தூரம் வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1957 பெல் ஏர், 1/24 என்று எழுதிய தாள் கிடைத்திருக்கிறது. 115ஐ 25.4ஆல் பெருக்கினால் 2921 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 121.7. பிடிஎஃப் பார்க்கும் மென்பொருளின் அளவுகோல் கருவியால் பக்கவாட்டு உறுப்பில் இரண்டு சக்கர வளைவுகளின் மையங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 121 அல்லது 122 வந்தால் வடிவமைப்பாளர் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார். 117 வந்தால் அது உண்மையில் 1/25, தலைப்பில் தவறாக எழுதியிருக்கிறார்கள், குறையில்லை. 110 என்று வந்து, கூரை உயரம் மட்டும் 1/24க்குச் சரியாக இருந்தால், காரை நீளவாக்கில் நசுக்கியிருக்கிறார்கள். கட்டி முடித்தபின் ஏதோ குறைகிறது என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும். விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஆண்டைச் சரிபாருங்கள். மூன்று ஆண்டுச் செவர்லேக்களையும் ஒரே தாளில் குழப்பியவர்கள் உண்டு. 1955இன் கிரில் சிறு கட்டங்கள் கொண்ட வலை. 1956இல் அது முகத்தின் முழு அகலத்துக்கும் விரிந்தது. 1957இல் பின்பக்கம் கூரிய சிறகுகள் வந்தன. பெட்ரோல் ஊற்றும் மூடி 1956இல் இடப் பின்விளக்குக்குள் ஒளிந்திருந்தது, 1957இல் இடச் சிறகின் குரோமியப் பட்டைக்குள் போனது. ஆகவே 1957 என்று சொல்லும் தாளின் பக்கத் தகட்டில் வட்டமான பெட்ரோல் மூடி வரைந்திருந்தால், படங்களைப் பார்க்காமலே வரைந்திருக்கிறார்கள். சக்கர வளையமும் சாட்சி சொல்லும்: 1956 வரை 15 அங்குலம், 1957இல் 14 அங்குலம். 1/24 அளவில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டருக்கும் 15 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு.

மஸ்டாங்கிலும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. 1965ஆம் ஆண்டுக் கிரிலில் நடுவிலுள்ள குதிரைச் சின்னத்திலிருந்து பட்டைகள் நான்கு பக்கமும் நீளும். 1966இல் அந்தப் பட்டைகளை எடுத்துவிட்டார்கள். குதிரையும் அதைச் சுற்றிய சட்டமும் தனியாக நிற்கும்.

மூன்றாவதாக, கட்டி முடித்த காரின் உண்மையான புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் உருவாக்கிய படத்தை முகப்பில் போட்டு விற்கும் பக்கங்கள் பெருகிவிட்டன. உண்மையான புகைப்படத்தில் காகித விளிம்பின் வெண்மை எங்காவது தெரியும், மடிப்பில் மை சற்று வெளுத்திருக்கும், சக்கரங்கள் நூலிழை கோணியிருக்கும். இந்தக் குறைகள் எதுவும் கண்ணில் படாத படத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

விரித்த தாளில் சிறு முக்கோணங்கள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தால், அது பந்தய விளையாட்டு மென்பொருளிலிருந்து உருவி எடுத்த முப்பரிமாண உருவத்தை அப்படியே விரித்ததாக இருக்கும். அந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் உரிமையும் அதில் மீறப்படுகிறது, கட்டுவதும் வதை. நல்ல வடிவமைப்பாளர் பக்கத் தகட்டை ஒரே உறுப்பாக வைத்திருப்பார், கூரையையும் தூண்களையும் சேர்த்தே வெட்டவிடுவார், உள்ளே தாங்குவதற்கு ஓர் அட்டைச் சட்டகமும் கொடுத்திருப்பார்.

கோப்பு வடிவம் பெரும்பாலும் பிடிஎஃப். ஜப்பானிய வழியில் வந்தவை பிடிஓ என்று முடியும். அவற்றைத் திறக்க விண்டோஸ் கணினியில் ‘பெப்பகுரா வியூவர்’ வேண்டும், அது இலவசம். எந்த உறுப்பு எங்கே ஒட்டும் என்பதை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம் என்பதால் விளக்கக் குறிப்பே இல்லாத மாதிரிகளுக்கு இது பேருதவி. எக்ஸ்இ என்று முடியும் நிரல் கோப்பு எதையும் மாதிரித் தாள் என்ற பெயரில் திறக்காதீர்கள்.

பயன்பாட்டு நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். இலவசத் தாள்கள் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. கட்டிய காரை விற்கவோ, தாளைப் பிரதி எடுத்துப் பகிரவோ வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டும். வார இறுதிகளைச் செலவழித்து ஒருவர் வரைந்து இலவசமாகக் கொடுத்ததற்கு நாம் செய்யும் கைம்மாறு அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: மூலப் படங்களையும் நிறங்களையும் சேகரியுங்கள்

தாளில் உள்ள நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் அந்த ஆண்டு அந்தக் காருக்கு உண்மையில் இருந்த நிறமாக மாற்றுங்கள். ஃபோர்டு நிறுவனம் 2022இல் திறந்த ‘ஹெரிட்டேஜ் வால்ட்’ இணையக் காப்பகத்தில் 1903 முதலான விளம்பரச் சிற்றேடுகளையும் படங்களையும் இலவசமாகப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். ஜெனரல் மோட்டார்ஸின் பாரம்பரிய ஆவணப் பிரிவும் செவர்லே, பான்டியாக் உள்ளிட்ட கார்களுக்கு ஆண்டுவாரியான தகவல் தொகுப்புகளைப் பிடிஎஃப் வடிவில் தருகிறது. அளவுகள், நிறங்கள், கூடுதல் வசதிகள் எல்லாம் அவற்றில் உண்டு. மேலே சொன்ன வீல்பேஸ் சோதனைக்கு வேறு எந்தக் கார் வேண்டுமென்றாலும் எண்ணை இங்கிருந்தே எடுக்கலாம்.

1957 செவர்லேயின் நிறப் பெயர்களே ஒரு விருந்து: லார்க்ஸ்பர் ப்ளூ, மேட்டடார் ரெட், டிராபிக்கல் டர்க்காய்ஸ், இந்தியா ஐவரி. கூரைக்கு ஐவரி, உடலுக்கு டர்க்காய்ஸ் என்ற இரட்டை நிறம் காகிதத்தில் மிக அழகாக வரும். கூரைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கோடு நிற எல்லையில் மறைந்துவிடும் என்பது கூடுதல் ஆதாயம். 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் புழுதியோடு சாலையில் நின்ற கார்கள் எப்படி இருந்தன என்று பார்க்க, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகப் புகைப்படத் தொகுப்பைப் பாருங்கள். வண்ணப் படங்களும் அதில் இருக்கின்றன.

ஆறாம் படி: அச்சு

இங்கேதான் அளவு கெடும். அமெரிக்கத் தாள்கள் பெரும்பாலும் லெட்டர் அளவில் இருக்கும்: 216க்கு 279 மில்லிமீட்டர். நம்மிடம் இருப்பது ஏ4: 210க்கு 297. அச்சு அமைப்பில் ‘ஃபிட்’ என்பது தேர்வாகியிருந்தால் பிரிண்டர் தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். எல்லாப் பக்கங்களும் ஒரே அளவில் சுருங்கினால் கார் சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். இரண்டு பக்கங்களை ஒரு நாள் ஒரு பிரிண்டரிலும் மற்றவற்றை வேறிடத்திலும் எடுத்தால் கதவு ஓரளவும் கூரை ஓரளவுமாக வந்து நிற்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று வைத்து அச்சிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் பக்கத்தைச் சாதாரணத் தாளில் எடுத்து, அதிலிருக்கும் அளவுக் கோட்டையோ வீல்பேஸையோ ஸ்கேலால் அளந்தபின் மற்ற பக்கங்களைக் கெட்டித் தாளில் எடுக்கச் சொல்லுங்கள். லெட்டர் தாளின் ஓரத்தில் உறுப்பு ஒட்டியிருந்து ஏ4இல் வெட்டுப்பட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் ஏ3இல் எடுப்பதே சுருக்க வழி.

அமெரிக்கக் குறிப்புகளில் காகிதக் கனம் பவுண்டில் இருக்கும். 65 பவுண்டு கவர் என்பது 176 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). 110 பவுண்டு இண்டெக்ஸ் என்பது 199 ஜிஎஸ்எம். எண் பெரிதாக இருந்தால் கனமும் அந்த அளவு கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். கவர், இண்டெக்ஸ், பாண்ட் என்ற தாள் வகைகள் ஒவ்வொன்றுக்கும் அடிப்படைத் தாளின் அளவு வேறு. நம் கடைகளில் 180 அல்லது 200 ஜிஎஸ்எம் என்று கேட்டால் போதும். 1/24 உடலுக்கு அது சரி. கண்ணாடிச் சட்டம், ஸ்டீயரிங் போன்றவற்றுக்கு 100 ஜிஎஸ்எம். அடிச்சட்டகத்துக்கும் சக்கரங்களுக்கும் நோட்டுப் புத்தக பைண்டிங்கில் போடும் ஒரு மில்லிமீட்டர் அட்டை.

லேசர் அச்சு ஈரத்தைத் தாங்கும், ஆனால் மடிப்பில் மை உடைந்து வெண்கோடு தெரியும். சாதாரண இங்க்ஜெட் மை மடிப்பில் உடையாது, பசை ஈரம் பட்டால் கசியும். இங்க்ஜெட்டில் எடுத்து, நிறமற்ற மேட் அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, முழுதாகக் காயவிட்டு வெட்டுவதையே நான் விரும்புகிறேன். ஸ்பிரேயைத் திறந்த வெளியில் அடியுங்கள்.

ஏழாம் படி: ஒரு சக்கரத்தைக் கட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்

முழுக் காரையும் வெட்டும் முன் ஒரே ஒரு சக்கரத்தையும் முன் கிரில் பகுதியையும் கட்டிப் பாருங்கள். காரின் முகமும் காலும்தான் அதன் அடையாளம். அவை சரியாக வந்தால் மற்றவை வரும். தாளின் குறை எதுவாக இருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

சக்கரத்துக்கு அட்டை வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு இரவு புத்தகங்களின் அடியில் வையுங்கள். காய்ந்தபின் நடுத் துளையில் பல்குத்தும் குச்சியைச் செருகி, நைசான உப்புத்தாளின் மேல் சுழற்றுங்கள், விளிம்பு வட்டமாகும். ஓரத்தில் கொஞ்சம் சூப்பர் குளூ ஊற விட்டு மீண்டும் தேய்த்தால் டயர்போல இறுகும். அதன்பின் கருப்பு மை. வெள்ளை வளையம் கொண்ட டயர் வேண்டுமென்றால் அச்சிட்ட வளையத்தைக் கடைசியாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கருப்பு பரவிவிடும்.

மடிக்க வேண்டிய ஒவ்வொரு கோட்டிலும் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு முறை அழுத்தி இழுங்கள். அதை உறுப்பை வெட்டி எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். வெட்டியபின் சிறு உறுப்பைப் பிடித்துக்கொண்டு கோடு போட முடியாது. எந்தக் கோடு மேல் மடிப்பு, எது உள் மடிப்பு என்பது பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். புள்ளிக்கோட்டுக்கும் இடைவெளிக்கோட்டுக்கும் அந்தத் தாளிலுள்ள விளக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். உடல் உறுப்பைத் தாளிலிருந்து வெட்டி எடுக்கும் முன் ஜன்னல்களை வெட்டிவிட வேண்டும். வெட்டிய வெள்ளை விளிம்புகள் எல்லாவற்றுக்கும் அதே நிறத்தில் வாட்டர் கலர் பென்சிலைத் தீற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே, பொம்மையாகத் தெரிந்தது உண்மையான மாதிரிக் காராக மாறிவிடும்.

பசை ஃபெவிகால்தான், ஆனால் குழாயிலிருந்து நேராக வேண்டாம். ஒரு மூடியில் கொஞ்சம் எடுத்து, சில நிமிடம் காற்றில் கெட்டியாக விட்டு, ஊசி முனையால் தடவுங்கள். கண்ணாடிகளுக்கு ஓஎச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். குரோமியப் பட்டைகளுக்கு, ஏசி குழாய்களில் சுற்றும் அலுமினிய டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கீறி ஒட்டினால், 1957 செவர்லேயின் பக்கத்தில் ஓடும் கோடு விளக்கு வெளிச்சத்தில் உண்மையாகவே மின்னும்.

தேடியது கிடைக்காவிட்டால்

சில கார்களுக்குத் தாளே இருக்காது. அப்போது நீங்களே விரிக்கலாம். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் ‘எக்ஸ்போர்ட் பேப்பர் மாடல்’ என்ற துணைக்கருவி இருக்கிறது. எந்த விளிம்பில் வெட்ட வேண்டும் என்று குறித்துவிட்டால் உருவத்தை விரித்து, ஒட்டுவதற்கான ஓரங்களையும் எண்களையும் சேர்த்துத் தரும். பெப்பகுரா டிசைனர் இதே வேலையை எளிமையாகச் செய்யும். அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆயத்த முப்பரிமாண உருவத்தைக் கொண்டுவந்து விரிப்பதைவிட, சிற்றேட்டிலுள்ள பக்கவாட்டுப் படத்தின் மேல் கோடு போட்டு, தட்டையான பலகைகளாக நீங்களே உருவாக்குவது மேல். 1961 லிங்கனோ ஜீப்போ இதற்கு ஏற்ற முதல் முயற்சி. கார் என்பதை மறந்து எத்தனை தட்டைத் தகடுகளால் இதை மூட முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போங்கள். வெள்ளைத் தாளில் நிறமில்லாமல் ஒரு முறை கட்டி, எங்கே இடைவெளி விழுகிறது என்று பென்சிலால் குறித்து, கோப்பில் திருத்தியபின் வண்ணத்துக்குப் போங்கள்.

கிடைத்த தாள்களைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே ஆண்டு, கார், விகிதம், வடிவமைப்பாளர், பதிவிறக்கிய முகவரி ஆகிய ஐந்தையும் எழுதிவிடுங்கள். நிபந்தனைகள் இருந்த பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கி அதே கோப்புறையில் போடுங்கள். சக்கரங்கள் உள்ள பக்கத்தில் மட்டும் அச்சிடும்போதே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். அதே மை, அதே தாள் பிறகு அமையாது.